ஆயிரத்து அறுபத்தாறுக்கு அப்பால்

இங்கிலாந்தின் பள்ளிகளுக்கென்று 2013-ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியிடப்பட்டு, மறு ஆண்டு செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்த தேசியப் பாடத்திட்டத்தில், ஏழு வயதிலிருந்து பதினொரு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குச் சரித்திரம் என்ற தலைப்பின்கீழ் வகுக்கப்பட்டிருப்பதைப் படித்துக்கொண்டு போகிறவர்களுக்கு ஓரிடத்தில் வியப்பு உண்டாகாமற் போகாது. கற்காலம், இரும்புக் காலம், ரோமானியர் ஆட்சி, ஆங்கிலோ-சாக்ஸன்களின் குடியேற்றம், வைக்கிங்குகளோடு நிகழ்ந்த போராட்டம் என்று படிப்படியாக இறங்கி வருகிற அந்த வரிசை, எட்வர்டு அரசர் இறந்து நார்மானியர் கடல் கடந்து வந்த 1066-ஆம் ஆண்டை எட்டியதும் சட்டென்று நின்றுவிடுகிறது. பின்வந்த நூற்றாண்டுகளை முறையாகச் சொல்வது உயர்நிலைப் பள்ளியின் கடமை என்று ஒதுக்கிவிட்டு, ஆரம்பப் பள்ளிக்கு ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் பாடத்திட்டம் விட்டுவைக்கிறது: மாணாக்கரின் காலவரிசை அறிவு 1066-க்கு அப்பாலும் நீளும்படி, பிரிட்டிஷ் சரித்திரத்தின் ஏதேனும் ஓர் அம்சத்தையோ கருப்பொருளையோ அவர்கள் பயில வேண்டும் என்பதே அது. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளைப் பெரும்பாலும் ஓர் அரைப் பருவத்தில், வாரத்துக்கு ஒரு மணி நேரமாக ஆறேழு வாரங்களில், சரித்திரத்தில் பட்டம் பெற்றிராத ஒரு வகுப்பாசிரியர் சொல்லி முடிக்க வேண்டியிருக்கிறது. அதை எவ்விதம் வகுப்பது என்ற வினாவை முழுவதுமாக எடுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் உத்தேசம்.

இந்த நிலைமை ஒருநாளில் உண்டானதன்று. 1905-இல் எச். இ. மார்ஷல் என்ற அம்மையார் சிறுவர்க்கென்று எழுதிய தீவின் கதை பல தலைமுறைகளின் கையில் தவழ்ந்தது. அரசருக்குப் பின் அரசராக, வீரருக்குப் பின் வீரராக, கதை சொல்லும் பாட்டியின் குரலில் சரித்திரம் அங்கே நடந்து சென்றது. அம்முறையில் பயின்றவர்களின் மூளையில் கடைசியில் தங்கியது என்ன என்பதை 1930-இல் ஸெல்லர், ஈட்மன் என்ற இருவர் ஒரு பரிகாச நூலாகவே எழுதிவிட்டார்கள். நினைவில் நிற்கத்தக்க தேதிகள் அந்நூலின்படி இரண்டே. அவற்றுள் ஒன்றாகிய 1066 நூலின் பெயரிலேயே ஏறிவிட்டது. பின்பு 1967-இல் வெளியான ப்ளௌடன் குழுவின் அறிக்கை, பிள்ளை தானே தேடித் தானே கண்டறிய வேண்டும் என்ற கொள்கைக்கு ஊக்கம் தந்தது. பாடங்களுக்கு இடையிலிருந்த வேலிகளைப் பிரித்துப் போட்டுப் பொதுத் தலைப்புகளைப் பயிலும் வழக்கம் பரவிற்று. கொள்கை உயர்ந்ததுதான். ஆயினும் ‘நீர்’ என்று ஒரு தலைப்பை வைத்துக்கொண்டு, ஸ்பானியக் கப்பற்படை, நீராவி எந்திரம், மேகம் மழையாவது ஆகிய யாவற்றையும் ஒரே வாரத்தில் ஒரே சுவரில் ஒட்டிவிடும் வகுப்பில், எது முன் எது பின் என்ற உணர்ச்சி எங்கிருந்து பிறக்கும்?

1988-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும், அதைத் தொடர்ந்து 1991-இல் வந்த முதல் சரித்திரப் பாடத்திட்டமும் இதற்கு மாற்றாக ஒரு கட்டுக்கோப்பைக் கொண்டுவந்தன. அதிலே டியூடர் காலம், விக்டோரியா காலம் என்று தனித்தனிப் பெட்டிகளாகச் சரித்திரம் வந்து சேர்ந்தது. பெட்டிகளுக்கு நடுவே இருந்த வெற்றிடம் ஒருவர் கண்ணையும் உறுத்தவில்லை போலும். பள்ளிகளை மேற்பார்க்கும் ஆப்ஸ்டெட் நிறுவனம் 2011-இல் வெளியிட்ட அறிக்கை இதைத்தான் குறையாகச் சொல்லிற்று: தனித்தனி நிகழ்ச்சிகளைப் பற்றிப் பிள்ளைகள் நன்றாகவே அறிந்திருக்கிறார்கள், அவற்றை நீண்டதொரு காலத்தொடரில் பொருத்திக் காட்டுவதில் பலர் தடுமாறுகிறார்கள். அதற்குப் பரிகாரமாக 2013 பிப்ரவரியில் வந்த முதல் வரைவோ, கற்காலத்திலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டின் வாயில்வரை முழுச் சரித்திரத்தையும் ஆரம்பப் பள்ளியின் தலையிலேயே ஏற்ற முற்பட்டது. சரித்திர அறிஞர்களும் ஆசிரியர்களும் கிளப்பிய ஆட்சேபத்தால் அந்த வரைவு சுருங்கியது. சுருங்கியதன் அடையாளமே நாம் மேலே கண்ட ஒற்றை வாக்கியம். அதாவது, கருப்பொருள் வழியாகப் பயிலுதல் என்பது ஆழ்ந்த கல்வித் தத்துவம் ஒன்றிலிருந்து மட்டும் பிறந்ததன்று; ஒரு சண்டையின் சமரசத்திலிருந்தும் பிறந்தது. இதை ஆசிரியர்கள் அறிந்துகொள்வது நல்லது, ஏனெனில் சமரசமாக வந்த வாக்கியங்களில் எப்பொழுதும் சற்று இடம் மிச்சமிருக்கும்.

கருப்பொருள் என்பதற்கும் தலைப்பு என்பதற்கும் உள்ள பேதத்தை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். ‘உடை’ என்பது தலைப்பு. ‘பணக்காரர் அணிந்ததை ஏழைகள் அணியக் கூடாது என்று ஏன் சட்டம் செய்தார்கள், அது ஏன் பின்னர் நிற்காமற் போயிற்று’ என்பது கருப்பொருள். தலைப்பின் கீழ் எதையும் சேர்க்கலாம். கருப்பொருளோ ஒரு வினாவாக இருப்பதால், விடைக்கு உதவாததை அதுவே வெளியே தள்ளிவிடும். ஆறு மணி நேரமே கையிலுள்ள ஒருவருக்கு, எதைச் சொல்லாமல் விடுவது என்று காட்டித் தருகிற துணையைவிடப் பெரிய உபகாரம் வேறில்லை. ஆகவே பாடப்பகுதியை வகுக்கிற வேலை படங்களைத் திரட்டுவதிலோ நாடக உடைகளைத் தைப்பதிலோ தொடங்குவதன்று. கடைசி வாரத்தில் ஒரு பிள்ளை எழுந்து நின்று எதைப் பற்றி வழக்காட வல்லவனாக வேண்டும் என்பதை ஆசிரியர் தமக்குத்தாமே ஒரு வரியில் எழுதிக்கொள்வதில் தொடங்குவது.

பாடத்திட்டமே உதாரணமாகச் சில கருப்பொருள்களை முன்வைக்கிறது. கட்டாயம் என்று அல்ல, யோசனையாக. அவற்றுள் முதலாவது அரசரின் அதிகாரம் மாறிவந்த விதம். இதற்கு ஜான், ஆன், விக்டோரியா என்ற மூவரைப் பார்க்கலாம் என்பது யோசனை. 1215-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ரன்னிமீட் புல்வெளியில் பிரபுக்கள் முன்னிலையில் ஜான் மன்னர் மகா சாசனத்துக்கு முத்திரை இட்டதும், பார்லிமெண்ட் நிறைவேற்றிய மசோதா ஒன்றுக்கு 1708-இல் ஆன் அரசியார் சம்மதம் மறுத்ததே அத்தகைய மறுப்புகளுள் கடைசியானதாக நின்றுவிட்டதும், விக்டோரியாவின் அறுபத்துமூன்று ஆண்டு ஆட்சியில் அரசாணை என்பது பெரும்பாலும் அமைச்சரின் ஆணையாகவே ஆகிவிட்டதும் வரிசையாகச் சொல்லுதற்கு அழகாகத்தான் இருக்கின்றன. ஆயினும் இந்த அழகில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஜானுக்கும் ஆனுக்கும் இடையே ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் கிடக்கின்றன. அவற்றுள்தான் எட்டாம் ஹென்றி 1534-இல் திருச்சபைக்கே தலைவரானார், அவற்றுள்தான் 1649 ஜனவரியில் முதலாம் சார்லஸ் மன்னரின் தலை வெட்டுண்டது. இவ்விரண்டையும் விட்டுவிட்டு மூன்று புள்ளிகளை ஒரு கோட்டால் இணைத்தால், அதிகாரம் ஒரே சீராகத் தேய்ந்து வந்தது என்று பிள்ளை எண்ணிவிடும். அது ஏறியும் இறங்கியும், சிலபோது அறுந்தும் வந்தது என்பதன்றோ உண்மை? மூவரை ஐவராக்கி, வரைபடத்தாளில் அதிகாரத்தின் ஏற்றத்தாழ்வைப் பிள்ளைகளையே கோடாக வரையச் சொன்னால் இக்குறை ஓரளவு தீரும்.

கிரேக்க, ரோமானியப் பண்பாட்டின் மிச்சங்களைப் பிற்காலக் கட்டடங்களிலும் இலக்கியத்திலும் தேடுவது மற்றொரு யோசனை. நல்ல தூண்களுள்ள நகரமண்டபம் ஒன்று பள்ளிக்கு அருகே இருந்தாலன்றி இது ஏட்டுச் சுரைக்காயாகவே முடியும். இருபதாம் நூற்றாண்டின் பொழுதுபோக்குகள் என்பதற்கோ தாத்தா பாட்டிகளே நடமாடும் ஆதாரங்கள் ஆகையால், கேள்வி கேட்டுக் குறித்துக்கொள்ளும் பயிற்சிக்கு அது ஏற்றது. நெடுங்காலத்தைக் காட்டுவதற்கு ஏற்றதன்று.

திருப்புமுனை என்ற யோசனையின்கீழ் முதல் ரயில்பாதைகளும், 1940-இல் வானில் நடந்த பிரிட்டன் போரும் குறிக்கப்பட்டுள்ளன. போரைவிட ரயிலையே நான் தேர்வேன். 1825-இல் ஸ்டாக்டனுக்கும் டார்லிங்டனுக்கும், 1830-இல் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே பாதைகள் திறக்கப்பட்டன என்பதைச் சொல்லிவிட்டு நிற்கிற ஆசிரியர் திருப்புமுனையைச் சொன்னவராகமாட்டார். எது திரும்பியது என்று காட்ட வேண்டும். அதற்குப் பிரிஸ்டல் நகரத்துப் பழைய தானியச் சந்தைக் கட்டடத்தின் கடிகாரம் ஒன்று போதும். சூரியனைக் கொண்டு நேரம் கணித்த நாளில், லண்டனுக்கு மேற்கே உள்ள பிரிஸ்டலின் நேரம் ஏறக்குறையப் பத்து நிமிஷம் பின்தங்கி இருந்தது. அதனால் ஒருவருக்கும் நஷ்டமில்லை. 1840-இல் கிரேட் வெஸ்டர்ன் ரயில் கம்பெனி தன் நிலையங்களிலெல்லாம் லண்டன் நேரத்தையே பின்பற்றத் தொடங்கியதும், ஊர் நேரத்தை நம்பி வந்தவனுக்கு வண்டி தவறிப்போகும் நிலை வந்தது. அந்தக் கடிகாரத்தில் இன்றும் இரண்டு நிமிஷமுட்கள் இருக்கின்றன: ஒன்று பிரிஸ்டலுக்கு, ஒன்று லண்டனுக்கு. நாடு முழுவதற்கும் ஒரே நேரம் என்று சட்டம் வந்தது 1880-இல்தான். நேரம் என்பதையே ஒரு கம்பெனி மாற்றிவிட முடியும் என்ற செய்தியில் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு உண்டாகும் திகைப்பு, எத்தனை மைல் தண்டவாளம் போடப்பட்டது என்ற கணக்கில் உண்டாகாது. (1856-இல் ராயபுரத்திலிருந்து வண்டி புறப்பட்ட நம் நாட்டிலும் இதே விவகாரம் நேர்ந்து, ‘சென்னை நேரம்’ என்பது பல ஆண்டுகள் இந்திய ரயில்களின் பொது நேரமாக விளங்கிற்று என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.)

எல்லா யோசனைகளிலும் பள்ளிகள் விரும்பி எடுத்துக்கொள்வனவற்றுள் ஒன்று, ஆங்கிலோ-சாக்ஸன் காலம் முதல் இன்றுவரை குற்றமும் தண்டனையும் என்பது. அதன் கவர்ச்சிக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. தொழுமரம், சாட்டை, தூக்குமேடை என்றவுடன் கடைசி வரிசைப் பையனும் நிமிர்ந்து உட்காருகிறான். அபாயமும் அந்தக் கவர்ச்சியிலேயே இருக்கிறது. வாரத்துக்கு ஒரு கொடுமையாக ஆறு வாரம் காட்டிவிட்டு விட்டால், பழங்காலத்தார் மூடர், குரூரர், நாமோ நல்லவர் என்ற ஒரே எண்ணத்தோடு பிள்ளை வீடு திரும்பும். சரித்திரம் தரக்கூடிய விஷம் என்று ஒன்று உண்டென்றால் அது இந்தத் தற்பெருமைதான்.

அதைத் தவிர்க்க வழி, கொடுமையை மறைப்பதன்று; அதன் நியாயத்தை அந்தக் காலத்தாரின் வாயாலேயே கேட்பது. பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையிலேந்தி ஒன்பதடி நடக்கச் செய்து, கட்டுப்போட்டு, மூன்றாம் நாள் புண் ஆறும் விதத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்களே, அவர்களுக்குக் காவல்நிலையம் இல்லை, கைரேகை இல்லை, ஆண்டுக்கணக்காக ஒருவனை அடைத்து வைக்கச் சிறையும் இல்லை. மனிதர் அறிய முடியாததைக் கடவுள் அறிவிப்பார் என்ற விசுவாசம் மட்டும் இருந்தது. 1215-இல் ரோமாபுரியில் கூடிய லாட்டரன் மகாசங்கம் பாதிரிமார் இச்சோதனையில் பங்கெடுக்கலாகாது என்று தடுத்ததும், கடவுளின் சாட்சி போய்விட்டதே, இனி யாரைக் கேட்பது என்ற இடைவெளியில்தான் பன்னிரண்டு அயலார் கூடித் தீர்ப்புச் சொல்லும் ஜூரி முறை இங்கிலாந்தில் வேரூன்றிற்று. மகா சாசனமும் இதே ஆண்டில் வந்தது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கும்படி விட்டுவிடலாம்.

இக்கருப்பொருளை வகுப்பதற்கு நான் சிபாரிசு செய்வது, ஒரே திருட்டைப் பல நூற்றாண்டுகளின் வழியே நடத்திச் செல்வது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் சிறு பொருள் ஒன்றைத் திருடிவிட்டான் என்று வைத்துக்கொண்டு, அவனைப் பிடிப்பது யார், தீர்ப்பது யார், எதற்காகத் தண்டிப்பது என்று ஒவ்வொரு காலத்திலும் கேட்க வேண்டும். கூக்குரல் எழுப்பியதும் ஊரார் அனைவரும் துரத்த வேண்டியிருந்த இடைக்காலம்; 1829-இல் ராபர்ட் பீல் லண்டனுக்குப் போலீஸ் படையை அமைத்தபின் துரத்துவதற்கென்றே சம்பளக்காரர் வந்த காலம்; 1908-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தால் சிறுவர்க்குத் தனி நீதிமன்றமும், பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்க்குச் சிறையிலிருந்து விலக்கும் கிடைத்த காலம் என்று அந்தச் சிறுவனின் கதி மாறிக்கொண்டே வரும். திருட்டு ஒன்றே; மாறியது உலகம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் சற்றுத் தங்க வேண்டும், ஏனெனில் அங்கேதான் ஆதாரம் குவிந்து கிடக்கிறது. அந்நூற்றாண்டு முடிந்து அடுத்தது பிறந்தபொழுது இங்கிலாந்தில் மரணதண்டனைக்குரிய குற்றங்கள் இருநூறுக்கு மேற்பட்டிருந்தன. 1741 முதல் 1832 வரை ஆட்டைத் திருடியவனுக்கும் தூக்கு; 1808 வரை, ஒரு ஷில்லிங்குக்கு மேற்பட்ட பொருளைப் பிறர் சட்டைப்பையிலிருந்து மறைவாக எடுத்தவனுக்கும் தூக்கு. சட்டப் புத்தகத்தை மட்டும் காட்டினால் கதை இதோடு முடிந்துவிடும். லண்டனின் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் 1674 முதல் 1913 வரை நடந்த வழக்குகளின் அச்சிட்ட விவரங்களோ இன்று யாரும் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன; அவற்றைப் புரட்டினால், ஷில்லிங்குக்கு மேல் பெறும் கைக்குட்டையை ஜூரிகள் பத்துப் பென்ஸ் என்று மதிப்பிட்டு, பன்னிரண்டு பென்ஸுக்குக் குறைந்துவிட்ட காரணத்தால் குற்றவாளியின் கழுத்தைக் காப்பாற்றிய சமாசாரம் வெளியாகும். சட்டம் வேறு, வழக்கம் வேறு என்ற இந்த ஒரு பாடத்துக்காகவே மற்ற வாரங்களைச் சுருக்கலாம். தப்பியவர்கள் வீட்டுக்குப் போனார்கள் என்பதில்லை, பலர் கப்பலேறினார்கள். 1788-க்கும் 1868-க்கும் இடையே ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்டவர்கள் ஏறக்குறைய 1,62,000 பேர்.

ஒரே திருட்டைத் தொடர்வதிலும் ஒரு குறை உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். திருட்டு எக்காலத்தும் குற்றமே ஆகையால், குற்றம் என்பதே காலத்துக்கேற்பப் பிறந்து இறப்பது என்ற உண்மை அதில் மறைந்துவிடும். சூனியக்காரி என்று ஒருத்தியைத் தூக்கிலிட 1563-இல் சட்டம் இருந்தது. 1736-இல் அது போயிற்று. வேலையின்றி ஊரூராகத் திரிவது டியூடர் காலத்தில் சாட்டையடிக்குரிய குற்றம். ஆதலால் ஒரு வாரத்தையேனும் இறந்துபோன குற்றங்களுக்கு ஒதுக்குவது நன்று.

பாடத்திட்டம் குறிப்பிடாத கருப்பொருள்களையும் பள்ளி தானே தேர்ந்துகொள்ளலாம். அவற்றுள் குடியேற்றம் தலையாயது. அதற்குக் கிழக்கு லண்டனில் பிரிக் லேன் தெருவும் ஃபூர்னியே தெருவும் கூடும் மூலையிலுள்ள ஒரு கட்டடத்தைப் போன்ற பாடப்புத்தகம் வேறு இல்லை. பிரான்சில் தம் மதத்துக்கு இடமில்லாமற் போன 1685-க்குப் பின் ஓடிவந்த ஹியூகனாட் நெசவாளர்களின் வழித்தோன்றல்கள் 1743-இல் அதைத் தேவாலயமாகக் கட்டினர். 1819-இல் அது மெதடிஸ்டுகளின் ஆலயம். 1898-இல் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்களின் ஜெபாலயம். 1976-இல் வங்காள முஸ்லிம்களின் மசூதி. சுவர்கள் அவையே. வந்தவர்கள் யார், ஏன் வந்தார்கள், முன்னிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்ற மூன்று வினாக்களை அச்சுவர்களே கேட்கின்றன. 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து வந்த தமிழரின் பேரக்குழந்தைகள் ஈஸ்ட்ஹாமிலும் டூட்டிங்கிலும் இன்று இதே வகுப்புகளில் அமர்ந்திருக்கிறார்கள். தங்கள் வீட்டுக் கதையும் பிரிட்டிஷ் சரித்திரத்தின் ஒரு கண்ணிதான் என்று அவர்கள் அறிவதற்கு ஆசிரியர் தனியே பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை.

ஒரு பிழையை மட்டும் இங்கே சுட்ட விரும்புகிறேன். பிரிட்டிஷ் சரித்திரம் என்று பெயரிட்டுவிட்டு இங்கிலாந்தின் சரித்திரத்தையே சொல்லிப் போவது நெடுநாளைய வழக்கம். 1707-இல் பார்லிமெண்டுகள் ஒன்றான பிறகும் ஸ்காட்லாந்து தன் சட்டங்களையும் நீதிமன்றங்களையும் தனியே வைத்துக்கொண்டது. இன்றைக்குப் பாடத்திட்டமும் அங்கே வேறு, வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் வேறு.

இத்தனை சிறியவர்களுக்கு இத்தனை பெரிய விஷயமா என்று ஐயுறுபவர்கள் எக்காலத்தும் இருந்தனர். உளவியலறிஞர் பியாஜே வகுத்த குழந்தை வளர்ச்சிப் படிகளைச் சரித்திரத்துக்குப் பொருத்தி, பதினைந்து பதினாறு வயதுக்கு முன் உண்மையான சரித்திரச் சிந்தனை வாராது என்றவர்களும் உண்டு. பீட்டர் லீ, ராஸலின் ஆஷ்பி முதலியோர் 1990-களில் ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ளவர்களிடம் நடத்திய ஆராய்ச்சி அந்த அவநம்பிக்கையைத் தளர்த்திற்று. வயது ஏறுவதோடு பொதுவாக எண்ணமும் முதிர்கிறதாயினும், சிறுவர் சிலர் தம்மினும் மூத்தவரைக் காட்டிலும் நுட்பமாக ஆதாரத்தைப் பற்றி யோசிக்கிறார்கள் என்பது அதில் புலனாயிற்று. பிள்ளைக்குக் கடினமாயிருப்பது சிந்தனை அன்று, காலத்தின் அளவு. அதற்கு வகுப்பறைச் சுவரைச் சுற்றிக் கயிறு கட்டுவதை விஞ்சிய உபாயம் எனக்குத் தெரியவில்லை. நூறாண்டுக்கு ஒரு மீட்டர் என்று வைத்தால் 1066 முதல் இன்றுவரை ஒன்பதரை மீட்டருக்குச் சற்று மேல். ஒன்பது வயதுப் பிள்ளையின் முழு ஆயுளும் அதில் ஒன்பது சென்டிமீட்டர். பாட்டியின் ஆயுளை அளந்து பார்த்து, அதுவும் ஒரு மீட்டரை எட்டவில்லை என்று காணும்போதுதான் தொலைவு என்பது புரியும். கருப்பொருள் எதுவானாலும் ஒவ்வொரு வாரமும் ஒரு சீட்டு அந்தக் கயிற்றில் ஏற வேண்டும். இல்லையேல் ப்ளௌடன் காலத்து ‘நீர்’ வேறு பெயரில் திரும்பி வந்துவிடும்.

கடைசி வாரத்துக்குப் பரீட்சைத்தாளைவிட ஒரு ஜூரிப் பெட்டி மேல் என்பது என் அபிப்பிராயம். கைக்குட்டை வழக்குகளின் முடிவை முன்வாரங்களில் சொல்லாமல் ஒளித்து வைத்திருக்க வேண்டும். முப்பது பேருள்ள வகுப்பில் பன்னிரண்டு பேராக இரண்டு ஜூரிகளை அமைத்து, எஞ்சிய அறுவரை வழக்கை எழுதிக்கொள்ளும் குமாஸ்தாக்களாக நியமித்து, சட்டம் இன்னது, சிறுவன் எடுத்தது உறுதி, கைக்குட்டை இதோ என்று மட்டும் சொல்லிவிட்டு, அதன் விலையை எழுதித் தரும்படி கேட்டு ஆசிரியர் விலகி நின்றுவிடலாம். பத்துப் பென்ஸ் என்ற வழியைத் தாமாகவே கண்டுபிடிக்கும் ஜூரி ஒன்று இருக்கும். பொய் எழுதக் கூடாது என்று மறுக்கும் ஜூரியும் இருக்கும். இரண்டு சார்பிலும் ஆறு வாரத்துப் படிப்பு வெளிவரும். அதன் நடுவிலே, அந்தக் காலத்தில் நாங்கள் இந்தப் பெட்டியில் உட்கார்ந்திருப்போமா என்று ஏதேனும் ஒரு சிறுமி கேட்டால், பெண்களுக்கு அவ்விடம் திறந்தது 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிறகே என்று ஒரு சீட்டில் எழுதி, கயிற்றில் அது எங்கே தொங்க வேண்டும் என்பதை அவளையே அளந்து மாட்டச் சொல்லலாம்.